சிப்பி கேட்கும் பெண்

அத்தியாயம் 17

மெஹருன்னிசா இன்று மாடியிலிருந்து இறங்கி வரப்போகிறாள்.

வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்திருந்த நாள் இது. சுஃபியா மட்டும் காலையிலிருந்தே மாடிப்படியைப் பார்ப்பதும் வேலைக்குத் திரும்புவதுமாக இருந்தாள்.

ஆசிப் திடீரென்று மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து போனதிலிருந்து, அவன் மனைவி மெஹருன்னிசா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் காலம். மாடியில் தெருவைப் பார்த்த அறை, வெள்ளைச் சேலை, தொழுகை, ஓதல். சோறு கொண்டுபோனதும், தலை வாரிவிட்டதும், அழும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் சுஃபியாதான். அண்ணன் மனைவியும் தம்பி மனைவியும் இப்படி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கோரிப்பாளையத்தில் பொறாமைப்படாத பெண்களே இல்லை.

இன்றோடு இத்தா முடிகிறது. மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் பேரையூரிலிருந்து அவள் தம்பி சுலைமான் காரோடு வந்து, அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிறான்.

மாடியிலிருந்து தெருவுக்குப் போக ஒரே வழிதான். கீழே இருக்கும் குடும்பக் கடைக்குள் இறங்கி, அதைக் கடந்து போக வேண்டும்.

அந்தக் கடை முழுக்க அவள் முகம்தான் இருந்தது.

கேன்வாஸில் அவள். காபி மக்கில் அவள். குஷன் உறையில், சாவிக்கொத்தில், ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்த வில்லையில் அவள். முகம் மட்டும் லேசாக மாறியிருந்தது. தலைத்துணி நீலமாகியிருந்தது. காதோரம் ஒரு பெரிய கடல் சிப்பியை வைத்து, அதன் ஓசையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"இந்தப் பொண்ணு எதைக் கேட்டுங்க இப்படிச் சிரிக்குது?"

சுஃபியாவின் கணவனும் ஆசிப்பின் தம்பியுமான ஷாகிர் தயாராக ஒரு பதில் வைத்திருந்தான். "ஹாலந்து நாட்டுப் படம்ங்க. முந்நூத்தம்பது வருசம் பழசு. எதைக் கேட்டுச் சிரிக்கிதுன்னு வரைஞ்சவருக்கே தெரியாது."

சுஃபியா கம்ப்யூட்டர் முன்னால் குனிந்துகொள்வாள்.

படங்களுக்குக் கண்ணாடி, ஃபிரேம் போட ஆசிப் நடத்திவந்த கடையை அருங்காட்சியகப் படங்களின் பக்கம் திருப்பியதே அவள்தான். வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் தங்கள் பழைய ஓவியங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருப்பது, விஸ்காம் படித்த அவளுக்குத் தெரியும். பால் ஊற்றும் பணிப்பெண், சூரியகாந்திப் பூக்கள், சுழலும் நட்சத்திர வானம், வாய் பிளந்த பெரிய அலை. சுஃபியா அச்சடிப்பாள், ஆசிப் ஃபிரேம் போடுவான், ஷாகிர் விற்பான். 'குட் மார்னிங்' மக்கும் நடிகர் படமும் விற்ற தெருவில் இது புதுசு. கொஞ்சம் பேர் வந்தார்கள். அதற்குள் ஆசிப் போய்விட்டான், கடை படுத்துவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது.

ஒரு பகல் பொழுது சோற்றுத்தட்டோடு மாடிக்குப் போனாள் சுஃபியா. ஜன்னலோரம் மெஹருன்னிசா உட்கார்ந்திருந்தாள். காதில் போன். வெயில் கம்பி வழியாக வந்து வெள்ளைச் சேலையில் விழுந்திருந்தது. அவ்வளவு நாளாக அழுதுகொண்டே இருந்த முகத்தில், ஒரு சிரிப்பு. நூறு பழைய ஓவியங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், ஒரு நொடியில் அதை ஓவியமாகப் பார்த்துவிட்டது. தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் தன் போனில் ஒரு படம் எடுத்தாள்.

அக்கா சிரித்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்ளத்தான் எடுத்தாள். அது சத்தியம்.

இரண்டு நாள் கழித்து, கம்ப்யூட்டரில் அதை எண்ணெய் ஓவியம்போல் மாற்றிப் பார்த்தாள். பழைய ஓவியத்தில் போன் எப்படி இருக்கும்? கையில் சிப்பி வந்தது. வண்ணத்தில் மெல்லிய வெடிப்புகள் வந்தன. மற்ற ஓவியங்கள் இருந்த இடத்திலேயே அதையும் போட்டு வைத்தாள். ஷாகிர் அதையும் அருங்காட்சியகப் படம் என்று நினைத்து, வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவிட்டான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். "இந்த மாசம் வாடகையக் கட்டிருவோம்டி" என்று அவன் குழந்தை மாதிரி குதித்தபோது, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளைக்கு இன்னும் நாலு ஆர்டர் வந்தது.

---

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? உள்ள வா."

மெஹருன்னிசா பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். தம்பி முன்கூட்டியே கொடுத்தனுப்பிய கிளிப்பச்சைச் சேலையை உடுத்தியிருந்தாள். இவ்வளவு நாள் வெள்ளையில் பார்த்த கண்ணுக்கு அது கூசியது.

சொல்லிவிட வேண்டும். அவள் கீழே வந்து பார்ப்பதற்கு முன்னால், தன் வாயால் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு படி ஏறும்போதும் சுஃபியா வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்திருந்தாள்.

"அக்கா..."

"நான் ஒண்ணு சொல்லணும், மொதல்ல கேளு." மெஹருன்னிசா அவள் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். "அவுக போனப்ப, கடையும் போச்சுன்னுதான் நெனச்சேன். ஷாகிர் தம்பிக்கு வெவரம் பத்தாது. நீ ஒருத்தியா நின்னு தூக்கி நிறுத்திட்ட. ஏதோ ஒரு படம் சக்கைப்போடு போடுதாமே? பக்கத்து வீட்டு ஆமினா வந்து சொன்னா. அவ மருமகளும் ஒண்ணு வாங்கி அடுப்படியில வச்சிருக்காளாம்."

சுஃபியா ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ஆமினா மாமி இந்த அறைக்கு வாரம் தவறாமல் வருகிறவள். மக்கையும் பார்க்கிறாள், மெஹருன்னிசாவையும் பார்க்கிறாள். இன்னும் கண்டுபிடிக்கவில்லை. சிரிக்கும் மெஹருன்னிசாவை யாரும் பார்த்தே வெகுநாளாகிறது அல்லவா?

"என்னடி, ஜன்னலையே பாக்குற?"

"ஒண்ணுமில்லக்கா. வெயிலு."

"அடைச்சிரு. இனிமே இந்த ஜன்னல்ல உக்கார மாட்டேன். போதும்." மெஹருன்னிசா இடுப்பில் கை வைத்து அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "என் படிக்கிற கண்ணாடியவும் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டேன் பாரு. சரி, போகட்டும். ஏய், அவுக போனு கீழ பத்திரமா இருக்குல்ல?"

"இருக்குக்கா. அதுலதான் ஆர்டரெல்லாம் வருது."

"இறங்குனதும் அதைக் குடு. ஒரு வாரம் நீங்க வேற போனை வச்சுச் சமாளிங்க."

ஆசிப்பின் எண்தான் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் தெரியும். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும்வரை போன் மெஹருன்னிசாவிடம்தான் இருந்தது. ஆண்கள் ஓயாமல் அழைத்ததால், பேசக்கூடாதவள் தவித்துப்போய், அவளே அதைச் சுஃபியாவிடம் கொடுத்துவிட்டாள். "கண்ணு மாதிரி பாத்துக்க" என்றுதான் கொடுத்தாள். சுஃபியாவும் பார்த்துக்கொண்டாள். கீறல் விழாமல் உறை போட்டாள். பழைய குப்பைகளால் நிரம்பி வழிந்ததை அழித்துச் சுத்தம் செய்து, அத்தனை ஓவியங்களையும் அதில் ஏற்றி வைத்தாள்.

"நீ ஏதோ சொல்ல வந்தியே?"

இதோ, கேட்டுவிட்டாள். வழி திறந்துவிட்டது.

"சாப்பாடு... கீழ ஒக்காந்து எல்லாருமாச் சாப்பிடுவோமான்னு கேக்க வந்தேன்."

"கேக்குற கேள்வியப் பாரு! ஒரு பிரியாணிக்கா இப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்த?"

மெஹருன்னிசா அவள் கன்னத்தைத் தட்டினாள். அந்தத் தட்டல் அறைபோல விழுந்தது.

---

கீழே ஷாகிர் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். முந்நூறு மக். எழுமலையில் நாளைக்குக் காதுகுத்து. கடையின் பழைய வாடிக்கையாளர் முத்துக்குமரனின் மகள் அஸ்வினிக்கு. வருகிறவர்கள் எல்லோருக்கும் தாம்பூலப் பையில் ஒரு மக். மண்டப வாசலில் வைக்க ஆள் உயரக் கேன்வாஸ் ஒன்று.

படத்தைத் தேர்ந்தெடுத்தது முத்துக்குமரனேதான். "காதுகுத்து வீட்டுக்குக் காதுல சிப்பி வச்ச பொண்ணு. இதைவிடப் பொருத்தமா எது மாப்ள இருக்கு?" என்று அவர் சிரித்த சிரிப்பில் கடைக் கண்ணாடி அதிர்ந்தது.

சுஃபியா வந்து, சுவரில் சாய்த்திருந்த அந்தப் பெரிய கேன்வாஸைக் காக்கித் தாளால் அவசரமாகச் சுற்ற ஆரம்பித்தாள். பிறகு அலமாரியிலிருந்த மக்குகளைத் திருப்பி வைத்தாள். குஷன்களைக் கவிழ்த்தாள்.

"என்னடி பண்ற? இன்னைக்கு யாவாரம் பாக்க வேணாமா?"

"மச்சான், அந்தப் படம் ஹாலந்து இல்ல."

"சரி, பிரான்சுன்னு சொல்லிட்டாப் போச்சு. எந்த ஊரு?"

"மாடி."

டேப் இழுபடும் சத்தம் நின்றது.

ஷாகிர் அவளைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த மக்கைப் பார்த்தான். முதல்முறையாகப் பார்ப்பதுபோல, கண்ணருகே கொண்டுவந்து பார்த்தான். ஜன்னல் கம்பிகளின் நடுவே இருந்த பிறை வளைவைக் கண்டதும் அவன் முகம் மாறியது. அந்தக் கம்பிக்கு அவனும் அண்ணனும் சேர்ந்துதான் பெயின்ட் அடித்தார்கள்.

மக்கைச் சூடு பட்டவன்போல் கீழே வைத்தான்.

"நான் செருமிட்டுத்தானடி படியேறுவேன்?" அவன் குரல் சன்னமாக இருந்தது. "மதினி இத்தாவுல இருக்காகன்னு, எங்க வீட்டு மாடிக்கே தலையக் குனிஞ்சுக்கிட்டு ஏறுனேன். ஒரு வார்த்தை பேசணும்னாலும் தெரைக்கு இந்தப் பக்கம் நின்னு பேசுனேன். அம்புட்டு நாளும் கீழ என் கையால... இந்தக் கையால அவுகளை..."

பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

"வர்றவன் போறவன்கிட்டயெல்லாம், சிரிக்கிறா பாருங்க, சிரிக்கிறா பாருங்கன்னு காமிச்சேனேடி!"

"தப்பு என்னுது மச்சான்."

"எப்பத் தெரியும் உனக்கு, இது வித்துக்கிட்டு இருக்குன்னு?"

"மொத நாளே."

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். கத்தவில்லை. டேப்பைக் கையில் சுற்றிச் சுற்றி, அவிழ்த்து அவிழ்த்து உட்கார்ந்திருந்தான்.

"மதினிக்கு?"

"தெரியாது. இப்பச் சொல்லத்தான் போனேன். என்னைப் புகழ்ந்துட்டாக. சொல்ல முடியல."

வாசலில் குட்டியானை வண்டியின் ஹார்ன் அலறியது.

"முத்துக்குமரன் மாமா வந்துட்டாரு," என்று எழுந்தான் ஷாகிர். "நீ வாயைத் தொறக்காத. நான் பேசிக்கிறேன்."

---

முத்துக்குமரன் உள்ளே வந்தபோது வியர்வையும் ஜவ்வாது வாசமும் சேர்ந்து வந்தன. எழுமலையில் உரக்கடை, ஊரைச் சுற்றித் தோட்டம். அவரது கல்யாணப் படத்துக்கு ஃபிரேம் போட்டதில் தொடங்கி, ஆசிப்பும் அவரும் மாமன் மாப்பிள்ளையாகப் பழகியவர்கள். ஆசிப்பின் மையத்து அடக்கத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவர்.

"என்ன மாப்ள, இந்தச் சிக்னலைத் தாண்டி வாரதுக்குள்ள எம்மவளுக்கு வளைகாப்பே வந்துரும்போல! சரி, சட்டுப்புட்டுன்னு ஏத்து. ஏம்மா சுஃபியா, நல்லாருக்கியா? எம்பொண்டாட்டி முத்துமீனா நேத்தே உன் படத்தை ஸ்டேட்டஸ்ல போட்டுட்டா. ஊரே கேக்குது, எந்தப் பொண்ணுய்யா இதுன்னு."

சுஃபியா தலையை மட்டும் ஆட்டினாள்.

"மாமா," ஷாகிர் தொண்டையைச் சரிசெய்துகொண்டான், "ஒரு சின்ன சங்கடம். மக்கெல்லாம் ஒடைஞ்சு போச்சு."

"என்னது?"

"பிரஸ்ல வைக்கிறப்ப சூடு கூடிப்போச்சு. அம்புட்டும் விரிசல்."

முத்துக்குமரன் நிதானமாக ஒரு பெட்டியைத் தூக்கினார். காதோரம் வைத்து ஆட்டினார்.

"ஒடைஞ்ச மக்கு சலசலன்னு சத்தம் போடாதா மாப்ள?"

ஷாகிர் விழித்தான்.

"வேற எவனும் கூடக் குடுத்து வாங்கிட்டானா? நேராச் சொல்லிரு. நாளைக்கு விடிஞ்சாத் தாய்மாமன் மடியில பிள்ளை ஒக்காரப் போகுது. கடைசி நேரத்துல காலை வாரி விடுற ஆளா நீ? ஆசிப்பு இருந்தா இப்படிச் செய்வானா?"

அந்தப் பெயரைக் கேட்டதும் ஷாகிர் தலையைக் குனிந்துகொண்டான்.

"படமாச்சும் இருக்கா, அதுவும் வெந்துபோச்சா?" என்று சொல்லிக்கொண்டே அவர் கேன்வாஸின் பக்கம் போனார். "அண்ணே, வேணாம்!" என்று சுஃபியா ஓடுவதற்குள் காக்கித் தாளை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

ஆள் உயரத்துக்குச் சிரித்தாள் சிப்பிப் பெண்.

அதே நேரம் படிக்கட்டில் கொலுசில்லாத காலடி ஓசை கேட்டது.

மெஹருன்னிசா கடைசிப் படியில் நின்றிருந்தாள். கிளிப்பச்சைச் சேலைக்கு மேல் கறுப்பு புர்கா, முகத்திரை இல்லை. ஒரு கையில் பெட்டி.

இவ்வளவு நாளில் முதல்முறையாகக் கணவனின் கடைக்குள் இறங்கியவளின் கண், முதலில் அவன் வேலைசெய்யும் மேசையைத் தேடியது. பிறகுதான் படத்துக்கு வந்தது.

முதலில் அவள் ஜன்னலைப் பார்த்தாள். கம்பியில் இருந்த பிறையைப் பார்த்தாள். தரையில் விழுந்த வெயிலைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். முகத்துக்கு வர வெகு நேரமானது.

"சுஃபியா, இது நம்ம மாடில?"

"ஆமாக்கா."

"இது நானா?"

சுஃபியா ஆமாம் என்று சொல்லப் பார்த்தாள். தலை மட்டும் ஆடியது.

ஷாகிர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். முத்துக்குமரனுக்கு முதலில் எதுவும் புரியவில்லை. படத்தையும் படியில் நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்ததும், தோளில் கிடந்த துண்டை எடுத்துப் படத்தின் முகத்தின்மேல் போட்டார். பிறகு தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"நான்தான்க்கா எடுத்தேன்," என்றாள் சுஃபியா. இப்போது வார்த்தைகள் தாமாகவே கொட்டின. "நீங்க பாக்காதப்ப எடுத்தேன். உங்களைக் கேக்கல. மச்சானுக்குத் தெரியாது, அவரு அருங்காட்சியகப் படம்னு நெனச்சு வித்தாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அச்சடிச்சுக் குடுத்தேன். கடை ஓடுச்சு. அதனால சொல்லல. தெனமும் உங்களுக்குச் சோறு கொண்டாந்து வச்சுட்டு, கீழ வந்து உங்களை வித்தேன்."

மெஹருன்னிசா பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எம்புட்டு வீட்டுக்குப் போயிருக்கு?"

"நெறைய, மதினி," என்றான் ஷாகிர், சுவரைப் பார்த்தபடியே. "என்னைய மன்னிச்சிருங்க."

"நீ ஏன் தம்பி செவத்தைப் பாக்குற? இத்தாதான் முடிஞ்சுருச்சே. மொகத்தைத் திருப்பு." அவள் குரலில் கோபம் இல்லை, கோபத்தைவிடக் கனமான ஏதோ இருந்தது. "ஆமினா வீட்டு அடுப்படியிலயும் நான்தானா?"

ஷாகிர் மெல்லத் திரும்பினான், கண்ணைத் தரையில் வைத்தபடி.

முத்துக்குமரன் தெருவைப் பார்த்தபடியே பேசினார். "தங்கச்சி, எனக்குத் தெரியாது. ஆசிப்பு மேல சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த மக்கைக் கையால தொட்டிருக்க மாட்டேன். நான் வெறும் வண்டியோட போறேன். உசிலம்பட்டியில எவர்சில்வர் கிண்ணம் வாங்கிச் சமாளிச்சுக்கிறேன். மொத வேலையா எம்பொண்டாட்டி ஸ்டேட்டஸை அழிக்கச் சொல்றேன்."

"அண்ணே, பிள்ளை காதுகுத்தை நான் கெடுத்துட்டேனே."

"நீ எங்க தங்கச்சி கெடுத்த? கிண்ணம் குடுத்தாலும் காது குத்தத்தான் போகுது. நீ வந்து பிள்ளைக்குத் துவா செஞ்சா அது போதும்."

வாசல்வரை போனவர் சுஃபியாவைப் பார்த்தார். துண்டைக்கூடத் திரும்பக் கேட்காமல் வண்டியில் ஏறினார். அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று சுஃபியா நினைத்தாள்.

---

குட்டியானை புறப்பட்டுப் போன சத்தம் அடங்கியது. தர்கா பக்கமிருந்து பூ வியாபாரியின் குரல் மிதந்து வந்தது.

மெஹருன்னிசா, ஆசிப்பின் மேசை முன்னாலிருந்த மர ஸ்டூலில் உட்கார்ந்தாள். மேசையில் காய்ந்துபோன பசை டப்பா, அளவுகோல். அவற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

"சிப்பி எதுக்குடி?"

"உங்க கையில போன் இருந்துச்சு. பழைய காலத்துப் படத்துல போன் இருக்காதுல்லக்கா. அதான்."

"நான் யாருகூடப் பேசிக்கிட்டு இருந்தேன்னு நெனச்ச?"

"பேரையூர் அம்மாவோடன்னு."

"பேசல." மெஹருன்னிசா தலையசைத்தாள். "கேட்டுக்கிட்டு இருந்தேன்."

சுஃபியாவுக்குப் புரியவில்லை.

"அவுக அளவெடுக்குறப்பப் பாத்திருக்கேல்ல? கை ரெண்டுலயும் பசை இருக்கும். எழுத முடியாது. போனை மேசையில வச்சு, வாயால சொல்லிப் பதிஞ்சுக்குவாக. பதினாறுக்கு இருபது, தேக்கு, பேயாண்டி ஐயா வீட்டுப் படம்னு. அப்படிப் பேசுறப்பவே நடுவுல என்னையக் கூப்பிடுவாக. மெஹரு, டீ எங்கன்னு. மெஹரு, இந்தப் பூனை பசையில வாயை வைக்கிது, வந்து வெரட்டு, இல்லைன்னா இதையும் சேத்து ஃபிரேம் போட்டுருவேன்னு."

அவள் சிரித்தாள். படத்தில் இருந்த அதே சிரிப்பு. ஷாகிரின் கண் கலங்கிவிட்டது. அண்ணன் பேசும் தொனியை அப்படியே பிடித்துவிட்டாள்.

"எல்லாம் வேலைக்குப் பதிஞ்சது. யாருக்கும் அனுப்புனது இல்ல. அந்தப் போன்ல மட்டும்தான் இருக்கு. அன்னைக்குப் பூனை வெரட்டுனதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். நீ எடுத்திருக்க."

கடை மெதுவாகச் சாய்வதுபோல் இருந்தது சுஃபியாவுக்கு.

பதிவுகள். போனுக்குள் வரிசை வரிசையாக, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: ஃபிரேம் அளவு. இடம் இல்லை, இடம் இல்லை என்று போன் சொல்லிக்கொண்டே இருந்த நாளில், அவள் அந்த வரிசையைப் பார்த்தாள். டெலிவரி ஆகி முடிந்த வேலைகளின் அளவுகள். இனி யாருக்கு வேண்டும் என்று நினைத்தாள். ஒன்றைக்கூடத் திறந்து கேட்கவில்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். அது கிடந்த இடத்தில் ஓவியங்களை ஏற்றினாள்.

முதலில் ஏற்றியது சிப்பிப் பெண்ணைத்தான்.

"படத்தைப் பத்தி பேரையூர் போயிட்டு வந்து பேசுவோம்," என்றாள் மெஹருன்னிசா. "போனது போச்சு. இனி ஒண்ணு வெளிய போகக் கூடாது. உன்னைய என்ன செய்யிறதுன்னு எனக்கு இப்பத் தெரியல சுஃபியா. வலிக்கிது. அதை மறைக்க மாட்டேன். ஆனா இம்புட்டு நாளும் எனக்குத் தலை வாரி விட்டவ நீதான். அதையும் மறக்க முடியல."

வெளியே கார் வந்து நின்றது. "அக்கா!" என்று சுலைமானின் குரல்.

"வாரேன்டா, ரெண்டு நிமிசம்!" என்று குரல் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினாள். "அந்தப் போனைக் குடு. ஊருக்குப் போறதுக்கு முந்தி, அவுக ஒக்காந்த எடத்துல ஒக்காந்து ஒரு தடவை கேட்டுக்கிறேன்."

"அக்கா..." என்றாள் சுஃபியா.

"இந்தாங்க மதினி." எதுவும் அறியாத ஷாகிர், கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த போனை எடுத்து ஓடிவந்து கொடுத்தான். "சார்ஜ் ஃபுல்லா இருக்கு. பழைய குப்பையெல்லாம் எடுத்துட்டு சுஃபியா புதுசு மாதிரி வச்சிருக்கா."

மெஹருன்னிசா திரையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியல. நீயே போட்டு விடுடி. எது வேணா போடு. எல்லாத்துலயும் என்னையக் கூப்பிடுவாக."

போன் சுஃபியாவின் கைக்கு வந்தது. அவள் விரல் பதிவுகள் இருந்த இடத்தைத் தொட்டது. வெள்ளையாக ஒரு திரை விரிந்தது. அதில் ஒரு வரிகூட இல்லை.

மெஹருன்னிசா காதோரத் துணியை ஒதுக்கிவிட்டு, தலையை லேசாகச் சாய்த்தாள். தெருவிலிருந்து வந்த வெயில் அவள் கன்னத்தில் விழுந்தது. குரல் வருவதற்கு முன்பே அந்தச் சிரிப்பு வந்துவிட்டது.

"ம், போடு," என்றாள்.